பழவேற்காட்டுக் காசு: தரச்சீட்டும் விலையும்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆசிய வணிகத்துக்காக நெதர்லாந்தில் அடிக்கப்பட்டுக் கப்பலேறிய சிறு செப்புக் காசு ஒன்று உண்டு. டொய்ட் என்பது அதன் பெயர். நம் பேச்சில் துட்டு என்று நிலைத்துவிட்டதும் அதுதான். ஒருபுறம் கம்பெனியின் வி.ஓ.சி. கூட்டெழுத்தும் ஆண்டும், மறுபுறம் காசை அடித்த மாகாணத்தின் சின்னமும் இருக்கும். 1726 முதல் 1794 வரை ஏராளமாக அடிக்கப்பட்டதால் இன்றும் அது அரிய காசு அல்ல. இந்தக் காசைத்தான் இணையச் சந்தைகளில் ‘நியூயார்க் பென்னி’ என்று தலைப்பிட்டு விற்கிறார்கள். நியூயார்க் 1664இலேயே ஆங்கிலேயர் கைக்குப் போன ஊர். அதற்கு முன் அதை ஆண்டதும் இந்தக் கம்பெனி அல்ல. டச்சு மேற்கிந்தியக் கம்பெனி. காசில் உள்ள ஆண்டைப் படித்தாலே அந்தப் பெயர் பொய் என்று தெரிந்துவிடும். ஆனால் அமெரிக்க வரலாற்றின் வாசம் ஏறியதும் காசின் விலையும் ஏறிவிடுகிறது.

தவறான பெயர் விலையை ஏற்றுவதுபோல இறக்கவும் செய்யும். இக்கட்டுரையின் அக்கறை அந்த இரண்டாவது வகையில் இருக்கிறது. டொய்ட்டைவிட வயதில் மூத்த, எண்ணிக்கையில் குறைந்த வி.ஓ.சி. காசுகள் நம் கடற்கரையிலேயே அடிக்கப்பட்டன. அவற்றை அடித்த ஊர் பழவேற்காடு. பழவேற்காட்டுக் காசு இன்று ‘டச்சு இந்தியா, செம்பு, ஆண்டு இல்லை’ என்ற மொட்டைத் தலைப்பின்கீழ் அடையாளம் இழந்து விற்பனைக்கு வரக்கூடிய நிலையில் இருக்கிறது. தரச்சான்று பெற்ற பொருள்களில் மதிப்புக்குக் குறைந்த விலைக்கு வந்தவற்றைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சேகரிப்பாளர்கள் உலகெங்கும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைப் பழவேற்காட்டுக் காசை வைத்துக் கேட்டால், விடை வெறும் லாபக் கணக்கோடு நின்றுவிடாது.

ஏரிக்கரையில் ஒரு அக்கசாலை

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது; தென்முனை தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது. ஆரணி ஆறு வந்து சேரும் அந்தத் தென்முனையில், முகத்துவாரத்தை ஒட்டி மீனவக் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. இறாலும் நண்டும் மடவையும் அவற்றின் வாழ்வு. கோட்டைக்குப்பம் என்று ஒரு ஊரே அங்கே உண்டு.

விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்று டச்சுக்காரர் 1610இல் இங்கே வணிக நிலையம் அமைத்தனர். சாந்தோமிலிருந்த போர்த்துகீசியர் 1612இல் அதைத் தாக்கினர். அடுத்த ஆண்டே கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடம் இதுதான். அதன்பின் தலைமை நாகப்பட்டினத்துக்குப் போனது. 1781இல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் பிடித்ததும் பழவேற்காட்டுக்கே திரும்பியது. 1825இல் பழவேற்காடு நிரந்தரமாக ஆங்கிலேயர் வசமானது. இன்று கோட்டை இருந்த இடத்தில் அகழியின் தடமும் புதர் மூடிய மேடும் மட்டுமே எஞ்சியுள்ளன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தன் 17ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களோடு நிற்கிறது.

டச்சுக் கம்பெனி இந்தியாவில் நிறுவிய முதல் அக்கசாலை பழவேற்காட்டில் 1615 அளவில் தொடங்கியது என்றும், 1674இல் அந்த வேலை நாகப்பட்டினத்துக்கு மாறியது என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. வி.ஓ.சி. கூட்டெழுத்தும் வடமொழி வாசகமும் கொண்ட செப்புக் காசுகள் இங்கே அடிக்கப்பட்டன. அவை இலங்கை வரை புழங்கின. பொன் வராகனும் இங்கே அடிக்கப்பட்டது. கம்பெனிக்குத் துணி வாங்கப் பணம் வேண்டும். சோழமண்டலத்து நெசவாளருக்கும் தரகருக்கும் கொடுக்க உள்ளூர் வழக்கில் ஏற்கும் காசு வேண்டும். ஐரோப்பியக் காசை அப்படியே நீட்டினால் வாங்குவார் இல்லை. அதனால்தான் கம்பெனி இந்த நாட்டு வராகனையே தன் அக்கசாலையில் அடித்தது. 17ஆம் நூற்றாண்டில் நாகசாகியிலிருந்து டச்சுக் கப்பல்கள் கொண்டுவந்த ஜப்பானியச் செம்பு, சோழமண்டலத்தில் கம்பெனி விற்ற முக்கியப் பண்டங்களில் ஒன்று. ஏரிக்கரையில் அடித்த ஒரு சிறு காசில் ஜப்பானியச் சுரங்கத்துச் செம்பு இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. இரு கண்டங்களின் வணிகத்தைத் தாங்கிய இந்தக் காசுக்கு அது பிறந்த ஊரில் ஒரு நிலையான காட்சிக்கூடம் வேண்டும் என்பது என் எண்ணம்.

எழுபதின் கதை

தரச்சான்று என்பது என்ன? ஒரு தனி நிறுவனம் பொருளைப் பார்க்கிறது. உண்மையானதுதானா, எந்த நிலையில் இருக்கிறது என்று முடிவு செய்கிறது. திறக்க முடியாத பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து, பெயரும் தர எண்ணும் சான்று எண்ணும் அச்சிட்ட சீட்டை மேலே வைக்கிறது. சேகரிப்பாளர்கள் இதை ஸ்லாப் என்பார்கள். நாணயங்களுக்கு பி.சி.ஜி.எஸ். 1986இலும் என்.ஜி.சி. 1987இலும் இந்தச் சேவையைத் தொடங்கின. விளையாட்டு வீரர் படம் போட்ட அட்டைகளுக்கு 1991இல் பி.எஸ்.ஏ. வந்தது. நாணயத்துக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண்; அட்டைக்கு 1 முதல் 10 வரை.

ஏன் 70? இது பலருக்கும் தெரியாத வரலாறு. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், அமெரிக்காவின் பழைய பெரிய செப்பு சென்ட் காசுகளைப் பற்றி 1949இல் எழுதிய நூலில் இந்த அளவுகோலை முன்வைத்தார். தேய்ந்துபோய் அடையாளம் மட்டும் தெரியும் காசு 1 டாலர் பெறுமானால், அதே வகையில் குறையே இல்லாத காசு 70 டாலர் பெறும். இதுவே அவர் கணக்கு. ஆகத் தர எண் என்பது பிறக்கும்போதே விலை எண்ணாகத்தான் பிறந்தது. சில ஆண்டுகளிலேயே சந்தை அந்த விகிதத்தைக் கடந்து போனது. எண்கள் மட்டும் தங்கிவிட்டன. இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. ஷெல்டன் இறந்த பிறகு, அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் மட்டமானவற்றை வைத்திருந்தார் என்பது வெளிவந்தது. தர அளவுகோலைத் தந்தவரே தரத்தை மாற்றி வைத்தவர் என்பதைச் சேகரிப்பாளர்கள் மறக்கக் கூடாது.

அட்டைகளின் உலகிலும் அப்படியே. பி.எஸ்.ஏ. முதன்முதலாகச் சான்றளித்த அட்டை, ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் படம் போட்ட, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சிகரெட் அட்டை. 8 மதிப்பெண் பெற்று உலகப்புகழ் அடைந்தது அது. அதன் விளிம்பைத் தாமே வெட்டிச் சீர்செய்ததாக பில் மாஸ்ட்ரோ என்ற ஏல வணிகர் 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வெட்டப்பட்ட அட்டை தர எண் பெறவே தகுதியற்றது. இருந்தும் அந்த உறையும் எண்ணும் அதன் விலையைத் தாங்கி நின்றன. 2022 ஆகஸ்டில் மிக்கி மேன்டில் என்ற இன்னொரு பேஸ்பால் வீரரின் 1952ஆம் ஆண்டு அட்டை 9.5 மதிப்பெண்ணோடு 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இப்படிப்பட்ட தொகைகள் புரளும் இடத்தில், சீட்டில் அச்சான எண்ணைக் கேள்வி கேட்காமல் ஏற்பது பேதைமை.

ஆனால் அட்டைக்கும் நம் காசுக்கும் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. அட்டையை அச்சிட்டவர் யார், எந்த ஆண்டு, எந்த வரிசையில் எத்தனையாவது எண் என்பதெல்லாம் அட்டையிலேயே இருக்கும். இல்லாவிட்டால் விலைப் பட்டியலில் இருக்கும். அடையாளத்தில் பிழை நேர்வது அரிது. ஆகவே அட்டை வாங்குபவர் தேடுவது தர எண்ணுக்கும் கேட்கும் விலைக்கும் இடையிலுள்ள சின்ன இடைவெளியை. கணினி நிரல் எழுதி நொடிக்கு நொடி விலைகளை ஒப்பிடுபவர்கள் அங்கே நிறைய. பழவேற்காட்டுக் காசில் நிலைமை தலைகீழ். அடித்த எண்ணிக்கை சந்தையில் எவருக்கும் தெரியாது. பல காசுகளில் ஆண்டு இல்லை. வாசகம் பாதி காசுக்கு வெளியே விழுந்திருக்கும், ஏனென்றால் அச்சு பெரியது, வில்லை சிறியது. சீட்டில் உள்ள தர எண் சரியாக இருக்கும்போதே பெயர் தவறாக இருக்கலாம். மலிவு பிறப்பது அங்கேதான். எந்த நிரலும் அதைப் பிடித்துத் தராது. கண் வேண்டும், நூல் வேண்டும்.

விற்பனைப் பதிவைப் படிப்பது

தேர்ந்த சேகரிப்பாளர் தலைப்பைப் படிக்கும் முன் படத்தைப் பார்ப்பார். தலைப்பு விற்பவரின் அறிவு. படம் காசின் வாக்குமூலம். வி.ஓ.சி. கூட்டெழுத்து தெரிந்தால் அடுத்த கேள்வி, அதற்கு மேலே எழுத்து ஏதும் இருக்கிறதா என்பது. இலங்கையில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர் அடித்த ஸ்டைவர் செப்புக் காசுகளில் கொழும்புக்கும் காலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் தனித்தனி ரோமன் எழுத்துகள் கூட்டெழுத்தின் தலைமேல் இருக்கும். நாகப்பட்டினக் காசில் ஊர்ப்பெயர் தமிழிலேயே உண்டு. நெதர்லாந்தில் அடித்த டொய்ட்டில் சின்னம் தெளிவாக இருக்கும்: ஜீலாந்து என்றால் அலையிலிருந்து எழும் சிங்கம், மேற்கு பிரீஸ்லாந்து என்றால் இரண்டு சிங்கங்கள். இவற்றையெல்லாம் கழித்த பின், ஒழுங்கற்ற விளிம்பும் தடித்த வில்லையும் வடமொழி எழுத்தின் துண்டுகளும் கொண்ட சிறு காசு எஞ்சினால், அங்கே நிதானிக்க வேண்டும். பழவேற்காடாக இருக்கலாம்.

நிதானிப்பது என்றால் நூலைத் திறப்பது. சி. ஸ்கால்டன் 1953இல் வெளியிட்ட டச்சுக் கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளின் நாணயத் தொகுதி இத்துறையில் முதன்மையானது. மைக்கேல் மிட்சினர் 1998இல் தந்த தென்னிந்திய நாணய வரலாறு இன்னொன்று. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890இல் வெளியிட்ட கம்பெனி நாணய வரலாறும், சென்னை அருங்காட்சியக நாணயப் பட்டியலும் இன்றும் பயன்படுகின்றன. ஒரு காசுக்கு இரண்டு நூல்களின் எண்ணைச் சொல்ல முடிந்தவருக்கே அதன் விலையைப் பற்றிப் பேசும் தகுதி வரும்.

தேடும் சொல்லும் முக்கியம். ஆங்கிலத்தில் இந்த ஊர்ப்பெயர் நான்கைந்து விதமாக எழுதப்படுகிறது. டச்சு ஆவணங்களில் பாலியகாட்டா. சில சந்தைகள் இக்காசை ‘இந்தியா டச்சு’ என்ற பிரிவில் வைக்கும், சில நெதர்லாந்து கிழக்கிந்தியத் தீவுகளில், சில இலங்கையில். சரியான பெயரோடு சரியான பிரிவில் வரும் காசை எல்லாரும் பார்ப்பார்கள். போட்டியில் விலை தானாக ஏறிவிடும். பிரிவு மாறிக் கிடக்கும் காசைப் பார்ப்பவர் சிலரே. ஏலம் முடியும் நேரத்துக்கும் இதே கணக்கு. இந்தியாவில் விழித்திருப்பவர்கள் குறைவாக இருக்கும் நேரத்தில் முடியும் ஏலத்தில் இந்தியக் காசுக்குக் கேட்பவர்களும் குறைவாகத்தான் இருப்பார்கள்.

விலையை எதனோடு ஒப்பிடுவது? கேட்கும் விலையோடு அல்ல. எவரும் எதையும் கேட்கலாம். ஆண்டுக்கணக்கில் விற்காமல் கிடக்கும் பதிவுகள் இணையத்தில் குவிந்திருக்கின்றன. விற்று முடிந்த விலைகளே சான்று. ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளைப் பார்க்கும்போது சுத்தியல் விலையோடு வாங்குபவர் கட்டணமும் சேர்ந்ததா என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கட்டணம், அஞ்சல் செலவு, சுங்கம், வரி எல்லாவற்றையும் கூட்டிய பின்னும் மலிவாக இருந்தால்தான் மலிவு. சிறு செப்புக் காசுகளில் இந்தக் கூடுதல்களே காசின் விலையைத் தாண்டிவிடும்.

சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்ப்பது கட்டாயம். பெயர், தரம், படம் மூன்றும் பொருந்த வேண்டும். போலி உறைகள் புழங்குகின்றன. உண்மையான சான்று எண்ணைப் போலிச் சீட்டில் அச்சிட்டும் விற்கிறார்கள். எண் பொருந்துவது மட்டும் போதாது. தளத்திலுள்ள படத்தில் காசின் விளிம்பில் இருக்கும் வெட்டும் புள்ளியும், விற்பவர் காட்டும் படத்திலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். கையால் அடித்த காசில் இது எளிது. ஒன்றைப் போல இன்னொன்று இராது.

நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியலை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். ‘இதுவரை சான்று பெற்றவை இரண்டே’ என்று விற்பவர் எழுதுவார். அமெரிக்க டாலர் காசுக்கு அந்த வாக்கியம் பொருள் உடையது. தென்னிந்தியச் செம்புக் காசுக்குப் பொருள் அற்றது. சில நூறு ரூபாய் பெறும் காசுக்கு அதைவிட அதிகக் கட்டணம் கட்டிச் சான்று வாங்க யார் அனுப்புவார்? சான்று பெறாதவை பெட்டி பெட்டியாக இருக்கும். அரிது என்பதற்கு அந்தப் பட்டியல் அத்தாட்சி ஆகாது.

உப்பும் புளியும்

ஏரியிலும் கரையிலும் கிடந்த செம்புக்கு உப்பே எமன். குளோரைடு உள்ளே இறங்கிய செம்பு, வெளியே எடுத்து வைத்த பிறகும் ஈரக்காற்றில் வெளிர்பச்சைத் தூளாக உதிரும். இதைப் புண் என்றே சொல்ல வேண்டும். காசின் ஒரு புள்ளியில் தொடங்கி, முகம் முழுவதையும் தின்றுவிடும். இப்படிப்பட்ட காசைத் தர நிறுவனத்துக்கு அனுப்பினால் எண் தர மாட்டார்கள். ‘டீட்டெய்ல்ஸ்’ என்ற சொல்லைச் சீட்டில் போட்டு, சூழலால் பழுது என்று காரணம் எழுதிவிடுவார்கள். சந்தையில் அந்தச் சொல்லைக் கண்டதும் பெரும்பாலோர் விலகிப் போவார்கள்.

இங்கே என் கருத்து பெரும்பாலோருக்கு எதிரானது. பழவேற்காட்டுக் காசைப் பொறுத்தவரை ‘டீட்டெய்ல்ஸ்’ சீட்டைக் கண்டு ஓடக் கூடாது. கடற்கரை மண்ணில் 300 ஆண்டு கிடந்த செம்பு பழுதுபடாமல் இருந்தால்தான் ஐயப்பட வேண்டும். எழுத்து படிக்கும்படி இருந்து, பச்சைத் தூள் நின்றுபோயிருந்தால், அந்தக் காசின் வரலாற்று மதிப்பு குறைவதே இல்லை. சந்தை அமெரிக்க அளவுகோலால் அளந்து அதைத் தள்ளி வைக்கிறது, அறிந்தவர் எடுத்துக்கொள்ளலாம். மலிவு என்று நெஞ்சாரச் சொல்லத்தக்க இடம் இந்தத் துறையில் இதுதான்.

ஆனால் சீட்டில் எழுதும் இன்னொரு காரணம் வேறு ரகம்: துலக்கியது. பழைய செப்புக் காசு கையில் கிடைத்தால் நம் வீடுகளில் முதலில் செய்வது புளி போட்டுத் தேய்ப்பது. குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலத் தேய்த்துப் பளபளக்க வைத்துவிட்டு, ‘இப்போதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது’ என்பார்கள். புளியின் அமிலம் துருவோடு சேர்த்து எழுத்தின் கூர்மையையும் கரைத்துவிடும். பழுப்பேறிய மேற்பரப்பு ஒருமுறை போனால் திரும்ப வராது. விலையும் அதனோடு போய்விடும். கடைக்காரர்களும் எலுமிச்சையும் அமிலமும் போட்டுத் துலக்குகிறார்கள். செம்பு நிறம் ஆரஞ்சாகப் பளிச்சிடும் படத்தைக் கண்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் நகர்ந்துவிடுவது நல்லது.

சட்டம் போட்ட விலை

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 100 ஆண்டுக்குக் குறையாத நாணயத்தைத் தொல்பொருள் என்கிறது. உரிமம் இல்லாமல் தொல்பொருள் வணிகம் செய்யக் கூடாது. தனியார் எவரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. பெரிய தர நிறுவனங்களின் தலைமையிடங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. ஆக, வெளிநாட்டு விற்பனைப் பதிவில் சான்று உறையோடு ஒரு பழவேற்காட்டுக் காசைப் பார்த்தால், அது இந்த நாட்டை விட்டு எப்போது போனது என்று கேட்டாக வேண்டும். டச்சுக்காரரின் காலத்திலேயே கப்பலேறியிருக்கலாம்; ஆங்கில அதிகாரி ஒருவரின் சேகரிப்பில் போயிருக்கலாம்; இலங்கையில் புழங்கி அங்கிருந்து போயிருக்கலாம். இவையெல்லாம் முறையானவை. சென்ற மாதம் யாரோ பையில் போட்டுக் கடத்தியதாகவும் இருக்கலாம். பழைய ஏலச் சீட்டு, பழைய சேகரிப்பாளரின் கையெழுத்துக் குறிப்பு, முந்தைய உரிமையாளரின் பெயர் இவற்றில் ஒன்றேனும் இல்லாத காசை வாங்குபவர், மலிவு என்ற பெயரில் களவுக்குத் துணைபோகும் ஆபத்தில் இருக்கிறார்.

இனி, கண்டெடுப்பவரின் பக்கம் வருவோம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமை கோருவார் இல்லையென்றால், கண்டவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்குரியவருக்குக் கால் பங்கு என்று சட்டம் பிரிக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசு அதைத் தானே எடுத்துக்கொள்ள விரும்பினால் என்ன தரும்? பொருளின் உலோக மதிப்பும், அதில் ஐந்தில் ஒரு பங்கும். செம்பு கிலோ 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3 கிராம் காசின் உலோக மதிப்பு 2 ரூபாய் 70 காசு. ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் 3 ரூபாய் 24 காசு. ஆயிரக்கணக்கில் விலைபோகக்கூடிய ஒரு வரலாற்றுச் சான்றுக்கு அதைக் கண்டெடுத்த மீனவருக்குச் சட்டம் வைத்திருக்கும் விலை அது. இணையத்தில் தேடினாலும் இதைவிட மலிவான பதிவு கிடைக்காது. இப்படி ஒரு விலையை வைத்துக்கொண்டு, கண்டெடுத்தவர்கள் அரசிடம் வந்து சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது அறமும் அல்ல, அறிவும் அல்ல.

பிரிட்டன் இதே சிக்கலை வேறு விதமாக அணுகியது. 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின்கீழ், அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளும் புதையலுக்குச் சந்தை விலையை ஒரு மதிப்பீட்டுக் குழு பரிந்துரைக்கிறது. 1997 முதல் அங்கே நடக்கும் கண்டெடுப்புப் பதிவுத் திட்டம், புதையல் வரம்புக்குள் வராத சிறு பொருள்களையும் பதிவு செய்துகொண்டு, கண்டவரிடமே திருப்பித் தருகிறது. லட்சக்கணக்கான பொருள்களின் படமும் கிடைத்த இடமும் இன்று எவரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கின்றன.

கிடைத்ததைப் பதிவு செய்து வெளியிடுவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசுகள் பலவும் உள்ளூர் மக்கள் கைவழியாகச் சேகரிப்பாளர்களிடம் வந்தவை. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி தாம் சேர்த்தவற்றைப் பொறுமையாக ஆராய்ந்தார். ‘பெருவழுதி’ என்று தமிழி எழுத்தில் பொறித்த பாண்டியர் காசை அடையாளம் கண்டு வெளியிட்டார். சங்ககாலத்து வேந்தர் பெயரைக் காசில் காட்டிய கண்டுபிடிப்பு அது. அவருடைய சங்ககாலத் தமிழ் நாணயங்கள் பற்றிய ஆங்கில நூல் 1997இல் வந்தது. பிறர் பழைய செம்பாகப் பார்த்ததை அவர் எழுத்தாகப் பார்த்தார். அதோடு நில்லாமல், பார்த்ததை அச்சில் வைத்தார். மலிவாக வாங்கியவர் என்று அவரை யாரும் நினைவுகூர்வதில்லை. வெளியிட்டவர் என்றே நினைவுகூர்கிறோம். அதே வேளையில், ஆற்று மணலைச் சலித்தவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பழவேற்காட்டு மக்களுக்குத் தரம் பிரிப்பது புதிய செய்தி அல்ல. கரைக்கு வரும் நண்டை எடை பார்த்து, கால் முழுதாக இருக்கிறதா என்று பார்த்து, ஓடு மாற்றிய தண்ணி நண்டைத் தனியே தள்ளி, வியாபாரி தரம் சொல்கிறார். அவர் சொல்லும் தரமே விலை. பிடித்தவருக்கு அந்த நண்டு சிங்கப்பூரிலோ சென்னை ஓட்டலிலோ என்ன விலைக்குப் போகிறது என்று தெரியாமல் இருந்த காலம் நீண்டது. கைப்பேசி வந்தபின் அது கொஞ்சம் மாறியிருக்கிறது. நண்டுக்கு வந்த அந்தத் தெளிவு அவர்கள் காலடி மண்ணில் கிடக்கும் காசுக்கு இன்னும் வரவில்லை. மலிவான பதிவு என்று நாம் மகிழும் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒருவரின் அறியாமை இருக்கிறது. வெளிநாட்டு வணிகரின் அறியாமையால் நமக்கு மலிவாகக் கிடைத்தால் அதில் குற்றம் இல்லை. அவர் அந்தத் தொழிலில் இருப்பவர், நூல் வாங்கிப் படிக்க வசதி உள்ளவர். குப்பத்துப் பெண்ணோ வலை இழுப்பவரோ ஐம்பது ரூபாய்க்கு விட்ட காசு, நான்கு கை மாறி ஏலப் பட்டியலில் ஏறும்போது வரும் லாபம் அப்படிப்பட்டதல்ல.

ஆகவே வாசகருக்குச் சில வேண்டுகோள். இணையத்தில் பழவேற்காட்டுக் காசை அடையாளம் கண்டு வாங்கினால், எடை, விட்டம், இரு பக்கப் படம் மூன்றையும் எங்கேனும் வெளியிடுங்கள். உறைக்குள் அடைத்துப் பெட்டகத்தில் பூட்டிவிடாதீர்கள். ஏரிக்கரையில் உங்களுக்கோ உறவினருக்கோ பழைய காசு கிடைத்தால் புளியைத் தொடாதீர்கள். காயவிட்டு, காகிதத்தில் மடித்து, கிடைத்த இடத்தை எழுதி வைத்து, ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். படத்தை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கு அனுப்புங்கள். சட்டம் இயற்றும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: 1878ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள உலோக விலைக் கணக்கை நீக்கி, கண்டெடுத்தவருக்குச் சந்தை விலையைத் தாருங்கள்.